களிம்பு ஏறட்டும் என்று விட்டுவிடலாமா?

பரணில் கிடக்கும் பழைய பித்தளை பம்ப் ஸ்டவ்வை வீட்டிலேயே பிரித்துத் துலக்கிச் சீர்செய்வது பயனுள்ள வழக்கமா, வீண் வேலையா? பயனுள்ளது என்று இந்தப் பட்டிமன்றத்தில் வாதாடுகிறேன். அதிலும் நம் பழவேற்காட்டுக்கு மிகவும் பொருந்தும் என்கிறேன். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். இடையில் இருக்கும் குப்பங்களில் உப்புக்காற்று நுழையாத அடுப்படி இல்லை. இரும்புத் தகட்டில் செய்தது எதுவானாலும் இங்கே துரு தின்றுவிடும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை அப்படி உதிர்வதில்லை. அதற்குக் களிம்புதான் ஏறும். புளியின் அமிலம் அந்தக் களிம்பைக் கரைத்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்தபின் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்காவிட்டால் தங்கிய உப்பே மறுபடி களிம்பை ஏற்றும். நாள்பட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகத்தையும் அரித்துவிடும். உப்புத் தண்ணீரில் கழுவவே கூடாது.

துலக்குவது பளபளப்புக்காக என்று எதிரணி நினைக்கிறது. இல்லை ஐயா, துலக்குவது பரிசோதனை. களிம்பும் கரியும் போனால்தான் தொட்டியின் விரிசலும் பற்றுவைத்த இடத்துக் கசிவும் கண்ணுக்குத் தெரியும். இது பழவேற்காட்டுக்குப் புதிய பாடமா? கரையேறியதும் வலையை விரித்து அலசி, அறுந்த கண்ணியைத் தேடி முடிகிறோம். ஒரு கண்ணி அறுந்ததற்காக வலையை யாரும் எறிவதில்லை. அறுந்ததைப் பார்க்காமல் மறுநாள் தண்ணீரில் இறக்குவதும் இல்லை. பம்ப் ஸ்டவ்வும் அப்படிக் கடைசி மரைவரை பிரித்துப் பார்க்கக்கூடிய பொருள். 1892இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ்தான் இதன் முன்னோடி. அமைப்பு மிக எளிது. பம்ப் காற்றை அடைக்கிறது, காற்று மண்ணெண்ணெயை மேலே தள்ளுகிறது, சூடான பர்னரில் அது ஆவியாகி நிப்பிளின் நுண்துளை வழியே சீறி நீலமாக எரிகிறது. 1953இல் எவரெஸ்டின் கடைசி முகாமில் டென்சிங்கும் ஹிலாரியும் பனியை உருக்கியது இந்த வகை அடுப்பில்தான். பம்ப் இழுக்கவில்லையா? தோல் வாஷர் காய்ந்திருக்கும். எண்ணெயில் ஊறவைத்தால் மீண்டும் உப்பும். சுடர் ஒருபக்கமாகச் சாய்கிறதா? துளையில் கரி, அதற்குத்தான் ஸ்டவ் பின். இவற்றில் எதற்கும் மெக்கானிக் தேவையில்லை.

எதிரணியின் வலுவான வாதம் ஆபத்து. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஸ்டவ் விபத்தில் வெந்த உடல்கள் பொய்யல்ல. ஆனால் ஏன் வெடித்தது என்று கேட்க வேண்டாமா? அடைத்த துளையோடு மேலும் மேலும் காற்றடித்தது, எரியும்போதே எண்ணெய் ஊற்றியது, மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்தது. ஒவ்வொன்றும் கவனிக்கப்படாத அடுப்பின் கதை. மூன்றாவது நமக்கு மிக அருகில் இருக்கிறது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் படகு இன்ஜின்கள் உள்ள கரையில் கேன்கள் மாறிப்போகலாம். படகுக் கேன் அடுப்படிப் பக்கமே வரக் கூடாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "ஸ்டவ் வெடித்தது" என்று எழுதி மூடப்பட்ட மருமகள்களின் சாவுகள் இந்த நாட்டில் எத்தனையோ. 1986இல் வரதட்சணைச் சாவுக்கென்றே 304பி என்ற சட்டப்பிரிவு வர வேண்டியிருந்தது. மனிதர் செய்த அந்தக் கொடுமையை அடுப்பின் கணக்கில் எழுதுவது, இறந்த பெண்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

சீர்செய்வதற்கும் எல்லை உண்டு. எண்ணெயை முழுதும் வடித்து, மெதுவாகக் காற்றடித்து, சைக்கிள் ட்யூபைப் போல் தொட்டியைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். பம்ப், மூடிப் பக்கம் குமிழி வந்தால் வாஷரை மாற்றலாம். தொட்டியின் உடம்பிலிருந்தே வந்தால் அந்த ஸ்டவ் இனி எரியக் கூடாது. அந்தக் கசிவை வீட்டில் பற்றுவைத்து அடைக்க முயல்வது உயிரோடு விளையாடுவது. எதை வைப்பது, எதைக் கைவிடுவது என்ற தீர்ப்பையும் இந்தச் சோதனைதான் தருகிறது.

கேஸ் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது நல்லதே. தமிழக அரசு 2007இல் இலவச கேஸ் அடுப்பு தந்தது, 2016இல் உஜ்வலா எரிவாயுத் திட்டம் வந்தது. புகையிலிருந்து பெண்களின் நெஞ்சுக்கூட்டுக்கு விடுதலை கிடைத்தது. மண்ணெண்ணெய் அரிதாகிவிட்டதும் உண்மை. அன்றாடம் பம்ப் ஸ்டவ்வில் சமையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் புயல் நாட்களை நினையுங்கள். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். நம் திருவள்ளூர் மாவட்டத்தை உலுக்கிய புயல்கள். சாலை துண்டிக்கப்பட்டு, சிலிண்டர் தீர்ந்து, மின்சாரமும் இல்லாத நாளில் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச இரண்டாவது வழி வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்துவைத்து எரியும் சீரான ஸ்டவ் அந்த வழி. எடைக்குப் போட்டால் காசு கிடைக்கும்தான். எடைக்கடைக்காரர் தருவது உலோகத்தின் விலை. மழை நாளில் அந்தக் காசைப் பற்றவைக்க முடியாது.

சரி, புயலே வராது, மண்ணெண்ணெய் அடியோடு நின்றுவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தப் பழக்கம் வீணாகாது. கேஸ் அடுப்பிலும் பர்னர் பெரும்பாலும் பித்தளைதான். உப்புக்காற்று அதையும் விடுவதில்லை. சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கரி பிடித்தால் எரிவாயு சரியாக எரியவில்லை என்று பொருள். பழைய ஸ்டவ்வைப் பிரித்துத் துலக்கிய வீட்டில் அதைக் கண்டதும் ரெகுலேட்டரை மூடுவார்கள், ஆறிய பர்னரைக் கழற்றிக் கழுவுவார்கள், துளியும் ஈரமில்லாமல் காயவைத்த பிறகுதான் மறுபடி மாட்டுவார்கள்.