சராசரியும் நம் பிள்ளைகளும்
(வாலாஜாபாத்தில் ஆற்றிய உரை)



"உங்கள் பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் நான்கு குறைவு, அவர்களுக்குக் கணக்கு வராது" என்று முன்னொரு நாள் நம் காதுபடக் கூறப்பட்டதுண்டு. அன்று நாம் தலை குனிந்து நின்றோம். குனிய வேண்டியதில்லை என்பதைப் புள்ளியியல் பின்னரே நமக்குக் கற்பித்தது. அதனையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

ஒரே வகுப்பைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாலும், இரு பிரிவின் சராசரிகள் பெரும்பாலும் வேறுபடவே செய்யும். எனவே, வேறுபாடு உண்டா என்பதன்று வினா; தற்செயலாலேயே இவ்வளவு வேறுபாடு வரக்கூடுமா என்பதே வினா. இதனை ஆராய்வது மிகைகாண் சோதனை.

குழுவுக்கு 16 பேர். சராசரி 52, 48. இரண்டிலும் திட்ட விலக்கம் 12 எனக் கொள்வோம். 12-இன் வர்க்கம் 144. அதனை 16-ஆல் வகுக்க 9. இரு குழுவுக்கும் கூட்ட 18. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.24. இதுவே திட்டப் பிழை. வேறுபாடு இதைப்போல் ஏறக்குறைய இருமடங்கையேனும் எட்டினால்தான் வழக்கமாகப் பொருட்படுத்துவர். இங்கோ அது வெறும் 4. ஒரு மடங்குகூட இல்லை! குழுவுக்கு 400 பேர் எனில், திட்டப் பிழை 0.85 ஆகச் சுருங்கும். அதே 4 அதனைப்போல் நான்கு மடங்கைக் கடக்கும். அப்போது தற்செயல் என்று தள்ளலாகாது.

சிறு குழுக்களுக்குரிய சோதனையை 1908-ல் வெளியிட்ட காசெட், மதுவடிசாலை ஒன்றின் ஊழியர். அவர் பூண்ட புனைபெயர் 'மாணவன்' என்பதாம்.

வெள்ளையர் ஆட்சியில் ரிஸ்லி என்பார் மூக்களவின் சராசரியைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்த முயன்றார். தீண்டப்படாதோர் பற்றிய தம் 1948-ஆம் ஆண்டு நூலில், அண்ணல் அம்பேத்கர் அத்தகைய அளவுகளையே எடுத்து ஆராய்ந்து, தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணமன்று என முடிவுரைத்தார். எண்களைக் கண்டு அவர் அஞ்சவில்லை, எண்களையே வினவினார்.

ஓர் எச்சரிக்கை. சோதனையில் தேறாத வேறுபாடு, இரு குழுவும் சமம் என்பதற்குச் சான்றாகாது. தேறிய வேறுபாடும் அதன் காரணத்தைக் கூறாது. விளக்கில்லாத வீடும், நூலில்லாத அலமாரியும் சராசரியைத் தாழ்த்தலாம். அக்குறையை நாம் மறைத்தலாகாது, களைதல் வேண்டும்.

ஆகவே இளைஞர்களே, எவரேனும் சராசரி கூறினால் மூன்று கேளுங்கள்: எத்தனை பேர்? எவ்வளவு பரவல்? எந்தச் சூழல்? கேட்கத் தெரிந்தவன் தலை குனியான்.