எஃபெக்ட்ஸ் லூப்ல டிஜிட்டல் பெடல்: டோன் எங்க போச்சு?

கிட்டார் ஆம்புக்குப் பின்னாடி சென்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஜாக் இருக்கும், பார்த்திருப்பீங்க. அதுதான் எஃபெக்ட்ஸ் லூப். இதைப் பத்தி எனக்கு அடிக்கடி வர்ற புலம்பல்: "ப்ரோ, டிஜிட்டல் டிலே வாங்கி லூப்ல போட்டேன், டோனே செத்துப்போச்சு. வித்துட்டு அனலாக் வாங்கிடவா?"

கொஞ்சம் பொறுங்க. விக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க: லெவல், மிக்ஸ்.

முதல்ல, லூப் எதுக்கு? ஆம்புக்குள்ள பிரீஆம்ப் டோனையும் டிஸ்டார்ஷனையும் உருவாக்குது. பவர் ஆம்ப் அதை ஸ்பீக்கரை ஆட்டுற அளவுக்குப் பெருசாக்குது. லூப் இந்த ரெண்டுக்கும் நடுவுல. டிலேயை ஆம்புக்கு முன்னாடி வெச்சா, நோட்டும் எதிரொலியும் ஒண்ணா டிஸ்டார்ஷனுக்குள்ள போய்க் கூழாகிடும். லூப்ல வெச்சா எதிரொலி தெளிவா நிக்கும். கோட் எழுதுறவங்களுக்கு இது புதுசில்ல: ஃபங்ஷன் அதே தான், கூப்பிடுற வரிசை மாறினா விடையும் மாறும். ஆனா மாஸ்டர் வால்யூம் இல்லாத பழைய மார்ஷல் மாதிரி பவர் ஆம்பே டிஸ்டார்ட் ஆகுதுன்னா, லூப் பெருசா உதவாது.

இப்போ லெவல். சில ஆம்ப்கள் லூப்ல பிளஸ் 4 டிபியு, அதாவது சுமார் 1.23 வோல்ட் அனுப்பும். சிலது மைனஸ் 10 டிபிவி, சுமார் 0.32 வோல்ட். கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். கிட்டார் சிக்னலுக்காகச் செஞ்ச பெடலுக்கு முதல் வகை ரொம்ப அதிகம். அனலாக் பெடல்னா கொஞ்சம் மழுங்கித் தாங்கிக்கும். டிஜிட்டல்ல அது நடக்காது. 24 பிட்டுக்கு உச்ச எண் 83,88,607. அதுக்கு மேல எழுத எண்ணே கிடையாது, அலை மேல தட்டையா வெட்டுப்படும். காதுல கரகரன்னு கேக்கும். ஆம்ப்ல லெவல் ஸ்விட்ச் இருந்தா மைனஸ் 10-க்கு மாத்துங்க. இல்லன்னா சென்ட் லெவலைக் குறைங்க. அதுவும் இல்லன்னா லைன் லெவல் தாங்குற யூனிட்தான் வழி.

அடுத்து மிக்ஸ். பலரோட டோன் தொலையுற இடம் இது. சீரிஸ் லூப்ல மொத்த சிக்னலும் பெடல் வழியாத்தான் போகும். பாரலல் லூப்ல அசல் சிக்னல் ஆம்புக்குள்ளயே நேராப் போகும், பெடலோட சிக்னல் பக்கத்துல வந்து கலக்கும். சிக்னலை எண்ணா மாத்தி, திரும்ப வோல்டேஜா மாத்த டிஜிட்டல் பெடலுக்கு ஓரிரு மில்லி செகண்ட் ஆகலாம். தனியா கேட்டா அது தெரியாது. 1 மில்லி செகண்ட்ல சத்தம் காத்துல 34 சென்டிமீட்டர்தான் போகும். ஆனா பெடல் தன் பங்குக்கு அசல் சிக்னலையும் வெளிய விட்டா, ஒரே சிக்னல் ரெண்டு தடவை, 1 மில்லி செகண்ட் தள்ளி வருது. 500, 1500, 2500 ஹெர்ட்ஸ்னு வரிசையா பள்ளம் விழும். கிட்டாரோட உயிர் இருக்கிற இடமே அதுதான். சீப்பு மாதிரி தெரியுறதால இதுக்குப் பேரு காம்ப் ஃபில்டரிங்.

தீர்வு சிம்பிள்: பாரலல் லூப்ல பெடலை 100 சதவீதம் வெட்டுக்கு வைங்க, இல்ல 'கில் டிரை' ஆன் பண்ணுங்க. எவ்வளவு கலக்கணும்ங்கிறதை ஆம்போட மிக்ஸ் நாப் பார்த்துக்கும். சீரிஸ் லூப்ல இதைச் செய்யாதீங்க, எதிரொலி மட்டும்தான் கேக்கும்.

எந்த லூப்னு தெரியலையா? மிக்ஸ் நாப் இருந்தா நடுவுல வெச்சு, ரிட்டர்ன்ல ஒரு ஜாக்கை மட்டும் சும்மா சொருகி வாசிங்க. சத்தம் நின்னா சீரிஸ், தொடர்ந்தா பாரலல்.

மல்டி எஃபெக்ட்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு: லூப்ல போடும்போது ஆம்ப் மாடல், கேபினெட் சிமுலேஷன் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. நிஜ ஆம்பும் ஸ்பீக்கரும் தான் முன்னாடி இருக்கே!

இந்தச் சோதனைக்கு அஞ்சு நிமிஷம் போதும், செலவு எதுவும் இல்ல. முடிச்சிட்டு அப்புறமும் பிடிக்கலையா, தாராளமா வித்துடுங்க. அடுத்த எபிசோட்ல ஃபோர் கேபிள் மெத்தட் பேசலாம். பை மக்களே!