சிறிய தொட்டியிலிருந்து பெரிய தொட்டிக்கு

வீட்டில் மீன் வளர்ப்போருக்கு ஒரு நாள் ஆசை பெரிதாகும். இரண்டடித் தொட்டியிலுள்ள மீன்கள் வளர்ந்துவிட்டன, நான்கடித் தொட்டி வாங்குவோம் என்று எண்ணுகிறோம். தொட்டியும் வந்துவிடுகிறது. கல், பஞ்சு, குழாய் எல்லாவற்றையும் பளபளவெனக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, மீன்களை விடுகிறோம். இரண்டு நாள் அழகாகவே இருக்கும். பிறகு மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு வாரத்தில் பாதி செத்து மிதக்கும். வீட்டுப் பெரியவர்கள், "புதுத் தொட்டி ராசியில்லை, கண் பட்டுவிட்டது" என்பார்கள். கண்ணும் படவில்லை, ராசியும் கெடவில்லை. நாம் கழுவிச் சாக்கடையில் ஊற்றியது எது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. ஆற்றிலே அதை நீரோட்டம் அடித்துச் சென்றுவிடும். தொட்டியில் அதைப் போக்குவோர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. வாரந்தோறும் சிறிது நீர் மாற்றினால் குறைந்துவிடும். மண்ணில் இப்பணியைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டில் பிரித்தெடுத்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிவியலார். நன்னீர் மீன் தொட்டிகளில் இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் இனம் என்று 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அதற்கு முன் புத்தகங்கள் வேறோர் இனத்தின் பெயரையே சொல்லி வந்தன.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. பெரும்பாலும் ஒட்டி வாழ்பவை. வடிகட்டியின் பஞ்சிலும், சரளைக் கற்களின் மேலும், கண்ணாடிச் சுவரிலும் வழுவழுப்பான படலமாகப் படிந்திருக்கும். மிகவும் மெதுவாகப் பெருகும். நம் வயிற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள், நல்ல வசதி கிடைத்தால், 20 நிமிடத்தில் இருமடங்காகிவிடும். இவற்றுக்கோ பல மணி நேரம் வேண்டும். ஆகவேதான் வெறுந் தொட்டியொன்று பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது.

எங்கள் பள்ளி அறிவியல் மூலைக்குப் பெரிய தொட்டி வந்தபோது, மாணவர்கள் பழைய பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "சார், இதைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கவா?" என்று கேட்டான் ஒருவன். நல்ல பிள்ளை, வீட்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த அழுக்குப் பஞ்சுதான் தொட்டியின் உயிர்நிலை. அது மீன்களோடு சேர்ந்து, ஈரம் காயாமல், புதுத் தொட்டிக்குள் போக வேண்டும்.

பழைய தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டால் போதும் என்று நினைப்போரும் உண்டு. அதில் நுண்ணுயிர் மிகக் குறைவு. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு பழைய நீரைக் கலப்பது நல்லதே. அதன் காரணம் வேறு. நெடுநாள் நீர் மாற்றாத தொட்டியின் தண்ணீர் மெல்ல மெல்லப் புளிப்புத் தன்மை அடைந்திருக்கும். அத்தகைய நீரில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற வடிவத்தில் இருக்கும். நீரின் பி.எச். அளவு ஒரு படி உயர்ந்தால் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகும். திடீரென்று எல்லாம் புதுக் குழாய் நீர் என்றால் மீன் திணறுவது இதனாலும்தான். நம் மலாயாக் காட்டோடைகளுக்கு உரிய ராஸ்போரா, அதாவது உடலின் பின்பாதியில் கறுப்பு ஆப்பு போன்ற அடையாளமுள்ள சிறுமீன், தேயிலைச் சாற்று நிறமுள்ள புளிப்பு நீரில் பிறந்தது. அதற்கு இந்த மாற்றம் இன்னும் கடினம்.

குழாய் நீரில் குளோரின் உண்டு. அது நமக்கு நன்மை. பஞ்சில் வாழும் நுண்ணுயிருக்கும் மீனின் செவுளுக்கும் கேடு. திறந்த பாத்திரத்தில் ஓரிரு நாள் வைத்திருந்தால் குளோரின் போய்விடும். அப்படி வைக்கும்போது வாயில் மெல்லிய துணி கட்டுவது அவசியம். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாளித் தண்ணீர் தாராளம். கொசுப் புழு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டமும் கட்ட நேரும். சிங்கப்பூர்க் குழாய் நீரிலே குளோரமைன் கலந்திருக்கிறது. அது வைத்திருந்தாலும் எளிதில் போகாது. மீன் கடையில் விற்கும் முறிப்பு மருந்தைச் சேர்க்கத்தான் வேண்டும்.

இனித் தொட்டியை வைக்கும் இடம். 120 செண்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை 243 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் எடை 300 கிலோவை எட்டும். சாப்பாட்டு மேசை இதைத் தாங்காது. நேரான கால்களுள்ள உறுதியான நிலைச்சட்டம் வேண்டும். இரசமட்டம் வைத்துப் பார்த்து, தொட்டிக்கு அடியில் மெத்தென்ற தாள் விரிக்க வேண்டும். நீர் இருக்கும் தொட்டியை, பாதியளவே இருந்தாலும், தூக்கக் கூடாது. ஒட்டுப் பசை விட்டுவிடும்.

மாற்றும் நாளுக்கு முதல் நாளே தீனியை நிறுத்திவிடலாம். மீன் ஒரு நாள் பட்டினியில் சாகாது. வாளித் தண்ணீரும் அழுக்காகாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். முதலில் பழைய நீரை இரண்டு மூன்று வாளிகளில் பிடித்துக்கொள்வோம். செடி, மரக்கட்டைகளை எடுத்துவிட்டு, நீர்மட்டம் சாண் அளவுக்கு இறங்கிய பின் மீன் பிடிப்போம். நிறைந்த தொட்டியில் வலையோடு துரத்துவது மீனுக்கும் நமக்கும் வீண் அலைச்சல். மீன் இருக்கும் வாளியில் காற்றுக்கல் போட்டு, மேலே மூட வேண்டும். பயந்த மீன் துள்ளிக் குதிக்கும். 20 பாகைச் சூட்டில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். நம் ஊரின் 28 பாகையில் 8 மில்லிகிராமுக்கும் குறைவே. குராமி, சண்டை மீன் போன்றவை மேலே வந்து காற்றை விழுங்குபவை. வாளியில் அவற்றுக்கு இடைவெளி விட வேண்டும்.

வடிகட்டிப் பஞ்சு இன்னொரு வாளியில், பழைய நீரில், காற்றுக் குமிழியோடு காத்திருக்கட்டும். சரளைக் கல்லையும் பழைய நீரிலேயே அலசி எடுத்து விரிப்போம். நீர் நிரப்பியதும் பழைய வடிகட்டியை ஓடவிட்டு, புதிய பெரிய வடிகட்டியை அதன் பக்கத்திலேயே பொருத்துவோம். ஒன்றரை மாதம் இரண்டும் ஓட வேண்டும். மீன் வாளியில் சில நிமிடங்களுக்கு ஒரு குவளையாகப் புது நீரை அரை மணி நேரம் ஊற்றி வந்து, பின்னர் மீன்களை வலையால் எடுத்து விடலாம்.

இத்தனையும் சரியாகச் செய்தவர்கள்கூட மறுநாளே ஒன்றில் சறுக்குவதுண்டு. பெரிய தொட்டியில் பத்து மீன்கள் கண்ணுக்குப் போதவில்லை. கடைக்குப் போய் இருபது மீன் வாங்கி வந்துவிடுவார்கள். பஞ்சிலுள்ள நுண்ணுயிர்கள் பத்து மீன்களின் கழிவுக்கு ஏற்ற அளவே இருக்கின்றன. அதே பத்து மீன் என்றால், நீர் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிட்டதால் கழிவின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மீனுக்கு அது பெரிய நிம்மதி. முப்பது மீனானால் அந்த நிம்மதியெல்லாம் போயிற்று. ஒரு மாதம் பொறுத்து, மூன்று நான்காகச் சேர்ப்பது நல்லது. அதுவரை தீனியும் பாதியாக இருக்கட்டும். அம்மோனியாவைச் சோதிக்கும் மருந்துக் குப்பி கடையில் கிடைக்கிறது. முதல் இரண்டு வாரம் அடிக்கடி பார்த்து, நிறம் மாறினால் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும்.

வேண்டாத மீனை ஆற்றிலோ கால்வாயிலோ விடக் கூடாது. கிள்ளான் ஆற்றில் இன்று மலிந்திருக்கும் 'இக்கான் பண்டாராயா' தென்னமெரிக்க மீன், தொட்டிக்காகக் கொண்டுவரப்பட்டதே. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம்.

பழைய இரண்டடித் தொட்டியையும் விற்றுவிட வேண்டாம். பழைய பஞ்சில் ஒரு துண்டை வெட்டி அதில் போட்டு ஓடவிட்டால், புதிதாக வாங்கும் மீன்களை முதல் மூன்று வாரம் தனியே வைத்து, நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் இடமாக அது பயன்படும்.