கல்லச்சும் கோயில் கதவும்

(மதுரைக் கூட்டத்தில் பேசியது)



சித்திரம் வெகுகாலம் யாருக்குச் சொந்தமாயிருந்தது? அரண்மனைக்கும் கோயிலுக்குந்தானே! நமது மதுரை மீனாட்சி கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சித்திரமும் சிலையும் பாடுபடும் மக்கள் வேர்வையில் உண்டானவை. ஆனால் நாடாரும் ஆதிதிராவிடரும் 1939 ஜூலை 8-ஆம் தேதிவரை உள்ளே போய் அவற்றைக் கண்ணால் பார்க்கக்கூடாது. படம் பார்ப்பதற்கும் ஜாதி வேண்டியிருந்தது!

இந்தக் கதவை முதலில் திறந்தது அச்சுக்கல். கல்லின்மேல் கொழுப்பு மையால் எழுதித் தண்ணீர் தடவினால், எழுதிய இடத்தில் மட்டுமே அச்சுமை ஒட்டும் என்று 1790-களில் ஜெர்மனியில் செனபெல்டர் என்பவர் கண்டார். ஒருதரம் எழுதினால் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். 1894-இல் ரவிவர்மா ஜெர்மன் இயந்திரங்களைத் தருவித்துப் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்தார். ராஜாக்களுக்கு எழுதிய கை, ஓட்டு வீட்டுச் சுவருக்கும் படம் கொடுத்தது.

சரி, என்ன படம்? லட்சுமி, சரஸ்வதி! கோயிலுக்குள் விடப்படாதவனுக்குக் கடவுள் காகிதத்தில் வந்தது. அவனும் மாட்டிச் சூடம் காட்டினான். குருக்கள் தட்சணை மிச்சம், வேறென்ன லாபம்?

பெரிய வேடிக்கை சிவகாசியில். 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள்மேல் வழக்கு. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908-இல் தோற்றார்கள். இடையில் 1899-இல் சிவகாசி தாக்கப்பட்டது. அதே சமூகத்தாரான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள், லேபிளுக்கு அச்சு, அச்சோடு காலண்டர் என்று தொழில் வளர்ந்தது. வாசலில் நிறுத்திய சாமி, நிறுத்தப்பட்டவர்கள் ஊரிலேயே இன்றும் ஆயிரமாயிரமாக அச்சாகிறது!

நிற்க, அச்சுப்படம் வேறு வேலையும் செய்யும். வங்காளத்துத் தாரகேசுவரம் கோயில் மகந்து ஒரு இளம்பெண்ணைக் கெடுத்தான் என்று 1873-இல் வழக்கு நடந்து சிறைக்குப் போனான். (அவளை வெட்டிக் கொன்றவன் புருஷன். செத்தது என்னமோ அவள்தான்!) கல்கத்தாவில் மரக்கட்டை அச்சுக்காரர்களும் காளிகாட் படக்காரர்களும் இக்கதையைப் படமாக்கி விற்றார்கள். மகந்து சிறையில் செக்கிழுக்கும் படமும் உண்டு. எழுத்து வாசனையே இல்லாதவனுக்கும் அது விளங்கிற்று.

நமது பக்கத்திலோ, 1904-இல் மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்தில் சில மாதம் தமிழாசிரியராயிருந்த பாரதி, 1906 முதல் சென்னை 'இந்தியா' வாரப் பத்திரிகையில் சர்க்காரைக் கேலி செய்து சித்திரம் போட்டார். 1908-இல் பத்திரிகை புதுச்சேரிக்கு ஓடவேண்டியதாயிற்று, 1910-இல் நின்றது. லட்சுமி படம் விற்றவனுக்கு இந்தத் தொல்லை உண்டா? ஏன் இல்லை என்று வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்துப் பாருங்கள்.