சுவரில் தொங்கிய காவியம்

ஜாசின், அலோர் காஜா தோட்டங்களின் லயத்து வீடுகளில் லட்சுமி, சரஸ்வதி படம் மாட்டாத சுவர் அபூர்வம். அந்தப் படங்களின் முகச்சாயல் பெரும்பாலும் ரவிவர்மா கொடுத்தது. 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கிய அவர், சாமிகளோடு நின்றுவிடவில்லை.

காலில் தர்ப்பை குத்தியதாகச் சாக்குச் சொல்லி, துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கிறாளே சகுந்தலை, அவள் காளிதாசர் நாடகத்திலிருந்து வந்தவள். அன்னத்திடம் நளன் சேதி கேட்கும் தமயந்தியோ, நளவெண்பா படித்தவர்களுக்குப் பழைய சிநேகிதி! ஜப்பானிலும் கெஞ்சி கதை மரக்கட்டை அச்சுப் படங்களாகப் பரவியது.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் காவியம் இப்படித்தான் கிடைத்தது. தோட்டத்தைவிட்டுப் பட்டணம் வந்தவர்கள் பழைய படங்களைக் கோயில் மரத்தடியில் விட்டுவிடுவதுண்டு. கண்ணாடி உடைந்திருந்தாலும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ‘யாரும்மா இந்த அக்கா?’ என்று பிள்ளை கேட்கும்.