பரீட்சை இல்லாத வண்டி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இங்கிலாந்திலே எஞ்சினீயரா இருக்கே, ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். கம்பெனி வேலையைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் காபிக்கு எழுந்து போய்விடுவீர்கள். மீதிப் பேர் வீட்டுக்கே போய்விடுவீர்கள். அதனால் என் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பழைய வேனைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 1973-ம் வருஷத்து வோக்ஸ்வாகன் கேம்பர். என்னைவிட மூத்தது. உள்ளே படுக்கை உண்டு, சின்ன அடுப்பு உண்டு, கை கழுவத் தொட்டி உண்டு. கூரையைத் தூக்கினால் மேலே குழந்தைகள் படுக்க ஒரு பரண். கோடை விடுமுறையில் நான், மனைவி, மகள் மூன்று பேரும் அதில்தான் ஊர் சுற்றுகிறோம். ராத்திரி அதிலேயே தூங்குகிறோம். இந்தத் தூங்குகிற விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

முதலில் இந்த வண்டியின் பூர்வீகம். பென் பான் என்ற டச்சு வியாபாரி 1947 ஏப்ரலில் தன் குறிப்பு நோட்டில் பென்சிலால் ஒரு படம் போட்டார். ஒரு டப்பா, பின்னால் எஞ்சின், முன்னால் டிரைவர், நடுவில் சரக்கு. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் 1950 மார்ச்சில் உற்பத்தியே தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி அதற்குள் படுக்கையும் அலமாரியும் செய்து பொருத்த ஆரம்பித்தது. இந்த வேனின் ஒரு வகையை பிரேசிலில் 2013 வரை செய்துகொண்டிருந்தார்கள். ஏர் பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்ததும் நிறுத்தினார்கள்.

நம் நாட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல் வழியாகத் தரை மார்க்கமாக இந்தியா வந்தார்களே, அவர்களில் பலர் வந்தது இந்த மாதிரி வேனில்தான். 1979-ல் ஈரானில் புரட்சி, அதே வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அந்தப் பாதை அத்தோடு அடைபட்டது.

அவ்வளவு தூரம் அவர்களால் எப்படி வர முடிந்தது? வழியில் வண்டி நின்றால் தாங்களே இறங்கிச் சரி செய்துகொண்டார்கள். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்றால் குளிரும் நாலு சிலிண்டர் எஞ்சின். கியர் பாக்ஸோடு அதைப் பிடித்திருப்பவை நாலு போல்ட். மற்ற இணைப்புகளைக் கழற்றி, கீழே ஜாக்கி கொடுத்து, நூறு கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சினை இரண்டு பேர் சேர்ந்து வீட்டு வாசலிலேயே இறக்கிவிடலாம். ஜான் மியூர் என்ற அமெரிக்க எஞ்சினீயர் 1969-ல் வோக்ஸ்வாகன் ரிப்பேருக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். ஸ்பானரைக் கையில் பிடித்தே அறியாதவனுக்கும் புரிகிற மாதிரி, கையால் வரைந்த படங்களோடு எழுதிய புத்தகம். இன்றைக்கும் எண்ணெய்க் கறை படிந்த ஒரு பிரதி இந்த வண்டிக்காரர்கள் பலர் வீட்டில் இருக்கும். என் வீட்டிலும் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம ஊரில் வாடகை வண்டிக்கும் லாரிக்கும் எஃப்.சி. எடுக்கிறோம் இல்லையா, இங்கிலாந்தில் சொந்தக் காருக்கே மூன்று வயசு முடிந்தால் வருஷா வருஷம் அந்த மாதிரி ஒரு சோதனை உண்டு. எம்.ஓ.டி. என்று பெயர். பிரேக், டயர், விளக்கு, துரு எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் 2018 மே 20 முதல், நாற்பது வயசு தாண்டிய, அடிப்படையில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு அந்தச் சோதனை கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். புது வண்டிக்குப் பரீட்சை உண்டு, கிழட்டு வண்டிக்குப் பரீட்சை இல்லை! அதற்காகப் பொறுப்பு போய்விடவில்லை. வண்டி சாலையில் ஓடத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. தகுதியாக இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கேட்க வேண்டிய ஆள் வண்டிக்காரனே.

அப்படிக் கேட்டுக்கொள்ளும் சில கேள்விகளை உங்களிடம் சொல்கிறேன்.

முதல் கேள்வி துரு. அங்கே குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவுவார்கள். நம் கெமிஸ்ட்ரி சார் சொன்ன மின்வேதி அரிப்பு அங்கே வண்டிக்கு அடியில் ராப்பகலாக நடக்கிறது. நான் வாங்குவதற்கு முன் இந்த வண்டியை ஏதோ ஒரு பட்டறையில் டிங்கரிங் செய்திருந்தார்கள். வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி பெயின்ட். பின் சக்கரத்துக்கு மேலே திருப்புளிக் காம்பால் தட்டினேன். தகரத்துக்கு உரிய சத்தம் வரவில்லை. மண் சட்டியைத் தட்டின மாதிரி 'தொத்' என்றது. சுரண்டினால் விரல் தடிமனுக்குப் பட்டி. பட்டிக்குப் பின்னால் துணியை அடைத்து வைத்திருக்கிறார்கள்! தகரமே இல்லை. வெள்ளையடித்த விரிசல் சுவர் மாதிரிதான் இதுவும்.

பழுதை எங்கே வரை வெட்டுவது? பளபளப்பான நல்ல தகரம் வரும் வரை வெட்டணும். பார்க்க மனசு கேட்காது, ஓட்டை பெரிசாகிக்கொண்டே போகும். ஆனால் துருவோடு வெல்டிங் பிடிக்காது. வெல்டிங்குக்கு முன் பாட்டரியைக் கழற்றணும், பக்கத்தில் பெட்ரோல் டேங்க், ட்யூப், கார்ப்பெட் எது இருந்தாலும் அப்புறப்படுத்தணும். மெல்லிய தகரத்தில் ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி நடுவில் ஒரு பொட்டு. இப்படியே பொட்டு வைத்து வைத்துத்தான் கோட்டை முடிக்கணும். பிறகு துத்தநாக பிரைமர், இணைப்பில் சீலர், உள் பொந்துகளில் மெழுகு. பாடிக்கு அடியிலும் கதவுக்கு அடியிலும் தண்ணீர் வடியச் சின்னத் துவாரங்கள் உண்டு. சேறு அடைத்தால் உள்ளேயே தண்ணீர் தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கம்பியால் அந்தத் துவாரங்களைக் குத்திவிட்டால் போதும். காசே செலவில்லாத வைத்தியம்.

இரண்டாவது கேள்வி வால்வு. 1600 சி.சி. எஞ்சினில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.15 மில்லி மீட்டர். ஃபீலர் கேஜை எடுத்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கணும். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மெக்கானிக். அவர் எனக்கு ஒரு விஷயம் சொன்னார்: "டக் டக் என்று சத்தம் போடும் வால்வைப் பற்றி அவ்வளவு கவலைப்படாதே. திடீரென்று சத்தத்தை நிறுத்தின வால்வைப் பற்றிக் கவலைப்படு" என்று.

காரணத்தை யோசித்துப் பார்த்தால் தெர்மோடைனமிக்ஸ் வகுப்பு ஞாபகம் வரும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் தன் ஸீட்டின் வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. சூட்டில் வால்வு நீண்டாலும், ஸீட் தேய்ந்தாலும் இடைவெளி குறையும். இடைவெளியே இல்லையென்றால் வால்வு முழுசாக உட்காராது. உட்காராவிட்டால் சூடு இறங்காது. சூடு இறங்காவிட்டால் ஒருநாள் நெடுஞ்சாலையில் வால்வின் தலை ஒடிந்து பிஸ்டன் மேல் விழும். எஞ்சின் அத்தோடு முடிந்தது. அதனால் 5000 கி.மீ.க்கு ஒருமுறை இரண்டரை லிட்டர் ஆயிலை மாற்றும்போதே வால்வையும் பார்த்துவிடுகிறேன். இந்த எஞ்சினுக்கு ஆயில் ஃபில்ட்டர் கிடையாது, ஒரு கம்பி வலை மட்டும்தான். ஆகவே ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது.

இதோடு சேர்ந்தது குளிர்ச்சி. எஞ்சினைச் சுற்றி இருக்கிற தகர மூடிகளையும் ரப்பர் பட்டையையும் அழகுக்கு வைத்தது என்று நினைத்துச் சிலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அவை இல்லையென்றால் எஞ்சினுக்குக் கீழே வெளியேறிய சூடான காற்றையே ஃபேன் மறுபடி மேலே இழுக்கும். வெந்நீரை விசிறி ஆற்றின கதைதான்.

மூன்றாவது கேள்வி பெட்ரோல் ட்யூப். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் இந்த வேன்கள் பல எரிந்து போயிருப்பது இதனால்தான். எஞ்சின் பின்னால், ஒரு மூடிய அறைக்குள் இருக்கிறது. மேலே துணி போர்த்திய பழைய ரப்பர் ட்யூப்பில் விரிசல் விட்டால் வெளியே தெரியாது. சொட்டும் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் விழும். எஞ்சினின் கூடு மெக்னீசியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை கலக்க ஆரம்பித்தார்கள். பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. அதனால் எத்தனாலைத் தாங்கும் ட்யூப் வாங்கி, ஒவ்வொரு முனைக்கும் கிளிப் போட்டு, சில வருஷங்களுக்கு ஒருமுறை நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுகிறேன். ட்யூப்பின் விலையையும் வண்டிக்குள் தூங்கும் மூன்று பேரையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால் கணக்குச் சுலபம்.

நான்காவது, பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். ஏற்காடு மாதிரி ஒரு நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அது கொதித்து ஆவியாகும். ஆவியை அமுக்கலாம், அதனால் மிதி தரைக்குப் போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் இந்தப் பயம் இல்லை.

கடைசிக் கேள்வி, முதலில் சொன்னேனே, தூங்குகிற விஷயம். இந்த வண்டியில் உள்ளே கதகதப்பு எப்படி வருகிறது தெரியுமா? எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு உறை, அதன் வழியாகக் காற்றை அனுப்பிச் சூடாக்கி உள்ளே விடுகிறார்கள். அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், சூட்டோடு சேர்த்துப் புகையும் வரும். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூடிய வண்டிக்குள் குளிருக்காக அடுப்பை எரியவிட்டுப் படுத்தாலும் இதே ஆபத்துதான். கரி அடுப்பைக் கேட்கவே வேண்டாம்.

அதனால் என் வீட்டில் மூன்று சட்டம். வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கணும். அடுப்பு சமையலுக்கு மட்டும்தான், குளிர் காய அல்ல. வண்டிகளுக்கென்றே உள்ள ஈ.என். 50291-2 தரத்துக் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லாமல் ஒரு ராத்திரியும் தங்குவதில்லை. படுக்கும் முன் அந்த அலாரத்தின் பட்டனை அமுக்கிப் பார்ப்பது என் மகளின் வேலை. அவள் அமுக்கி அது கத்தின பிறகுதான் விளக்கை அணைப்போம்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் அறையின் அடியில் துவாரம் திறந்தே இருக்கணும். நம் அம்மாக்கள் செய்கிற மாதிரி சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைப் பார்க்கிறேன். ஆனால் கேஸ் குழாயைக் கழற்றி மாட்டும் வேலையை நான் தொடுவதில்லை. பதிவு பெற்ற ஆளைக் கூப்பிடுகிறேன். எதைத் தானே செய்யலாம், எதற்கு ஆளைக் கூப்பிடணும் என்று தெரிந்திருப்பதும் எஞ்சினீயரிங்தான்.

"கட்டாயம் இல்லை என்றாயே, பிறகு எம்.ஓ.டி.க்குப் போகிறாயா?" என்று கேட்பீர்கள். போகிறேன். யாரும் கேட்காவிட்டாலும் வருஷா வருஷம் நானே காசு கட்டிக் கொண்டுபோய் நிறுத்துகிறேன். என் கண்ணுக்குப் பழகிப்போன குறை இன்னொருவர் கண்ணுக்குத் தெரியும். நம் வேலையை நாமே திருத்தி நாமே மார்க் போட்டுக்கொண்டால் எல்லோருமே நூற்றுக்கு நூறுதானே!

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியை விட்டு வெளியே போன பிறகு பெரும்பாலான வேலைக்குப் பரீட்சை கிடையாது. நீங்கள் போட்ட வெல்டிங்குக்கு மேலே பெயின்ட் ஏறிவிடும். நீங்கள் போட்ட கணக்கு ஃபைலுக்குள் போய்விடும். யாரும் திருப்புளிக் காம்பால் தட்டிப் பார்க்க மாட்டார்கள். அதற்குள் யாரோ ஒரு குடும்பம் நம்பிக்கையோடு தூங்கும்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. இந்த ஆண்டு நிதியில் மேடைக்கும் மாலைக்கும் ஆகிற செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, நம் ஒர்க் ஷாப்புக்கு ஒரு பழைய எஞ்சினும் இரண்டு ஸ்பானர் செட்டும் வாங்கிக் கொடுப்போம். அதை ஓடவைக்கக்கூட வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் மாணவர்கள் பிரித்து, அளந்து, மறுபடி மாட்டட்டும். கடைசியில் ஒரு நட்டு மிச்சமிருந்தால் மறுபடி முதலிலிருந்து பிரிக்கட்டும். அதற்கான முதல் தொகையை இன்று பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புகிறேன்.