குழாயில் கடைசி, சாக்கடையில் முதல்



அண்ணல் அம்பேத்கரின் நினைவுநாளில் தண்ணீரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். அவர் தலைமை ஏற்று நடத்திய முதல் பெரும் போராட்டமே தண்ணீருக்கானதுதான். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அவர் நீர் அருந்தினார். அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது, குளம் சாதியிடம் கிடந்தது. நம்மவர் குடித்ததும் பஞ்சகவ்யம் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் அந்த வழக்கு முடிய 1937 ஆயிற்று.

இப்போது நம்மிடம் வேறொரு பாடம் சொல்கிறார்கள்: ‘தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்.’ நல்ல பாடம்தான். ஆனால் அதை யாருக்குச் சொல்வது? நம் வீடுகளில் அரிசி கழுவிய நீர் கழுநீர்ப் பானைக்குப் போய் மாட்டுக்கு ஆகும். பாத்திரம் கழுவிய நீர் முருங்கைக்குப் போகும். தெருக்குழாயில் காத்திருந்து, இடுப்பில் குடம் சுமந்து வந்த அம்மாவுக்கு யாரும் சிக்கனம் கற்பிக்க வேண்டியதில்லை.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னை தவித்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்களிலும் காசுள்ளவர் வாசலுக்குத் தனியார் லாரி வந்தது. காசில்லாதவர் விடிய விடிய வரிசையில் நின்றார். பஞ்சம் ஒன்றுதான், தாகம் ஒன்றாக இல்லை.

நமக்கும் அந்த நகரத்துக்கும் ஒரு நீர் உறவு உண்டு. நம் மாவட்டத்தின் தெற்கெல்லை கொள்ளிடம். அந்த ஆறு அணைக்கரைக்குப் போய், அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் பிரிகிறது. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணித்துச் சென்னைக்குப் போகிறது. போகட்டும், அங்கும் நம் மக்கள்தான் இருக்கிறார்கள். போகிற தண்ணீருக்குக் கணக்கு கேட்கும் உரிமை மட்டும் நமக்கு வேண்டும்.

பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் அதுவே பாலை என்பது நம் மரபு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் இருக்கும் லாஸ் வேகஸ் நகரில் சுமார் 10 சென்டிமீட்டர்தான். சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன அந்த நகரம், வீட்டுக்குள் புழங்கும் நீரில் பெரும்பகுதியைச் சுத்திகரித்து மீட் ஏரிக்கே திருப்பி அனுப்புகிறது. வணிக வளாகங்களிலும் சாலையோரங்களிலும் வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீர் பாய்ச்சக் கூடாது என்று 2021இலேயே அங்கே சட்டம் செய்துவிட்டார்கள். வீண்செலவு எங்கே நடக்கிறதோ அங்கேதான் அந்தச் சட்டம் கை வைத்தது.

இங்கே நிலைமை என்ன? பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு அளவுகோல். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தாருக்கு 55 லிட்டர். நகரத்துக்குப் போகும் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்று பொறியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை நாள்தோறும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க 2019இல் ஆலைகள் வந்தன. இது நல்ல தொடக்கம்.

ஆனால் சாக்கடை அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்குவது யார்? இதைக் கேட்காமல் நீர்ச் சிக்கனம் பேசுவது பாதிப் பேச்சு. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறிற்று, சாவு நிற்கவில்லை. நகரம் வீணாக்கும் ஒவ்வொரு குடமும் சாக்கடையின் சுமையைக் கூட்டுகிறது. அந்தச் சுமை கடைசியில் நம் பிள்ளைகளின் தலையில் இறங்குகிறது. குழாயடியில் நாம் கடைசி, சாக்கடையில் நாம் முதல். இந்த வரிசையைச் சாதிதான் எழுதியது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. மகாத்துக்கும் அதற்கும் இடையில் 95 ஆண்டுகள்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்றும் கிராமசபை கூடுகிறது. அதற்கு முன் ஒரு வாரம், உங்கள் ஊரில் காலனிக் குழாயிலும் ஊர்த்தெருக் குழாயிலும் எத்தனை மணி நேரம், எத்தனை குடம் தண்ணீர் வருகிறது என்று நோட்டில் குறியுங்கள். தொட்டியை யார் கழுவுகிறார், என்ன கூலி என்பதையும் எழுதுங்கள். அந்த நோட்டைக் கிராமசபையில் படித்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பதிந்ததோடு விடாதீர்கள். மகாத்தில் தீர்மானம் இருந்தது. குளத்தில் இறங்க ஆள் தேவைப்பட்டது.